அஞ்சடி மிஷினும் ஆத்மநாதன் மரமும்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உழைத்துக் கண்டுபிடித்தது அல்ல. என் நண்பன் பிராங்க்ளின் அன்னவாசலில் மர அறுவை மில் வைத்திருக்கிறான். அங்கே பத்து மாதமாக ஒரு பெரிய மரம் அறுபடாமல் கிடக்கிறது. அதில் சாய்ந்துகொண்டு டீ குடித்த ஒரு நாளில், இதை எழுதினால் என்ன என்று தோன்றியது. பிராங்க்ளினிடம் கேட்டேன்.

"எழுதிக்கடா. மிஷின் பேர மட்டும் போட்டுறாத. கம்பெனிக்காரன் இன்னும் சர்வீஸுக்கு வந்துக்கிட்டிருக்கான்" என்றான்.

எனவே கதையில் மிஷினுக்குப் பெயர் கிடையாது. மற்றவர்களுக்கெல்லாம் உண்டு.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) அன்னவாசலில் பொழுது விடியும் நேரத்தில் மரத்தூளின் மணம் காற்றில்—

வேண்டாம். மில் திறப்பது ஒன்பதரைக்கு.

(ஆ) பெரிய மரங்களை முழு அகலத்தில் பலகையாக அறுக்கும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை: ஒன்று, அறுக்கும் அகலம். இரண்டு, அறுக்கும்போது தூளாகப் போகும் மரத்தின் அளவு. மூன்று—

இது கட்டுரையாகப் போகிறது. ஆனால் இந்தக் கட்டுரையை நானும் பிராங்க்ளினும் ஒழுங்காகப் படித்திருந்தால் கதையே நடந்திருக்காது.

(இ) பதினோரு வருஷமாக மகளோடு பேசாத ஒரு மனிதர், ஒரு நாள் லாரியில் மரம் ஒன்றை ஏற்றி அனுப்பினார்.

இதையே வைத்துக்கொள்வோம்.

2

அனுப்பியவர் பெயர் ஆத்மநாதன். பொன்னமராவதிப் பக்கத்து விவசாயி. அவருடைய ஒரே மகள் பொற்கொடி. அவள் பிராங்க்ளினைக் கல்யாணம் செய்துகொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. பையன் ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவன். அது ஒன்றே அவருக்குப் போதுமான காரணமாக இருந்தது. பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அந்த வகையில் என்னையும் அவருக்குப் பிடிக்காது.

அம்மா மணிமேகலை மட்டும் கணவருக்குத் தெரியாமல் மகளோடு போனில் பேசி வந்தார். பேசும்போதெல்லாம் ஆத்மநாதன் பக்கத்து அறையில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாராம். இது தெரியாமல் பேசுவதில் சேருமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

போன கோடை மழையில் அவருடைய கிணற்று மேட்டில் நின்ற தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. வியாபாரிகள் வந்து பார்த்துவிட்டு, துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க முடியும் என்றார்கள். அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. கிளைகளைக் கழித்து, பத்தடி நீள அடிமரத்தை மட்டும் லாரியில் ஏற்றி மகள் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டார். லாரி டிரைவர் இறங்கி வந்து, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்:

"ஐயா சொல்லிவிட்டாருங்க. துண்டு போடக் கூடாதாம். முழு அகலத்துக்குப் பலகை அறுக்கணுமாம். அறுக்கிற அன்னிக்கு வந்து பாப்பாராம்."

பொற்கொடி டிரைவரை மறுபடியும் சொல்லச் சொன்னாள். அவர் மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவை கேட்டபோது, "அம்புட்டுத்தாங்க சொன்னாரு" என்று சொல்லிவிட்டு ஹைட்ரா கிரேனைக் கூப்பிடப் போய்விட்டார்.

மரத்தை முழு அகலத்தில் அறுத்தால் அப்பா வருவார். பொற்கொடிக்கு அன்றிலிருந்து இது ஒன்றுதான் நினைப்பு. பாத்திரம் அடிப்பிடித்துவிட்டது, துணி காயவில்லை என்று எதைப் பேசினாலும் கடைசியில் மரத்துக்கு வந்து நிற்பாள்.

3

(இந்தப் பகுதி கொஞ்சம் தொழில் சம்பந்தப்பட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகவே எழுதுகிறேன்.)

பிராங்க்ளினின் மில்லில் இருந்த பழைய பேண்ட் சா ரம்பத்தில் மூன்றடிக்கு மேல் அகலமான மரம் போகாது. இந்த மரத்தை அதில் அறுக்க வேண்டுமானால் முதலில் நாலாகப் பிளக்க வேண்டும். அப்பா கூடாது என்று சொன்னதே அதைத்தான். அதனால் புது மிஷின். எப்படியும் ஒன்று வாங்கலாம் என்று பிராங்க்ளின் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான், சொல்வதோடு சரி. மரம் வந்த பிறகுதான் வேகம் வந்தது.

நான் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறவன். மிஷின் விவரமெல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. மூன்று வகை தேறின.

முதலாவது, நீளமான செயின் சாவை ஒரு சட்டத்தில் பூட்டி, ஆளுக்கொரு முனையில் இருவர் பிடித்துத் தள்ளிக்கொண்டே போவது. எவ்வளவு அகலமான மரத்துக்கும் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு அறுப்பிலும் அரை அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட மரம் தூளாகிவிடும். பலகையும் ஏறி இறங்கியிருக்கும்.

இரண்டாவது, தரையில் தண்டவாளம். நடுவில் மரம் அசையாமல் கிடக்கும். பிளேடு உள்ள தலைப்பகுதி அதன்மேல் ஊர்ந்து போகும். மெல்லிய பிளேடு, தூள் குறைவு, பலகை வழுவழுப்பாக வரும். ஆனால் தலைப்பகுதியின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே எத்தனை அடி இருக்கிறதோ அத்தனை அடிதான். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூடப் போகாது.

மூன்றாவதும் தண்டவாளத்தில் ஓடுவதுதான். பிளேடுக்குப் பதில் செயின், ஏழடி அகலம். அதற்கு மின் இணைப்பையே மாற்ற வேண்டும், கூரையைத் தூக்க வேண்டும்.

இரண்டாவது வகையில் நாலடி, அஞ்சடி, ஆறடி என்று மூன்று அளவு இருந்தது. பிராங்க்ளின் ஒரு கயிற்றை எடுத்து மரத்தைச் சுற்றிப் பிடித்து அளந்தான். பதினெட்டடி.

"லப்பு பதினெட்டு. நாலால வகுத்தா நாலரை. அரையடி தாராளமா வச்சுக்க. அஞ்சடி மிஷின் போதும். மெயில் போட்டுருடா."

நான் மெயில் போட்டேன். கணக்கில் இருந்த பிழையை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

4

இங்கே ஆத்மநாதனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. கதையில் அவரை எப்படி நிறுத்துவது?

முதல் பிரதியில் பெரிய மீசை வைத்து, வேட்டியை மடித்துக் கட்டி, பேசினாலே அதட்டுகிற மனிதராக எழுதினேன். பாதியில் விட்டுவிட்டேன். நிஜத்தில் அவருக்கு மீசையே கிடையாது. ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பற்பசை டப்பா சைஸில் கண்ணாடிக் கூடு. அதட்டியும் நான் கேட்டதில்லை. பேசாமல் இருப்பார். அதைத்தான் அவ்வளவு நன்றாகச் செய்தார்.

இரண்டாவது பிரதியில் ஒரு பேத்தியைச் சேர்த்தேன். ஆறு வயது, இரட்டைச் சடை, தாத்தாவைப் பார்த்ததும் ஓடி வந்து— அடித்துவிட்டேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. இருந்திருந்தால் அது பிறந்த அன்றே எல்லாரும் சமாதானமாகியிருப்பார்கள், எனக்கும் எழுத ஒன்றும் இருந்திருக்காது. பேத்தி செய்ய வேண்டிய வேலையை ஆறேழு டன் எடையுள்ள ஒரு மரம் செய்ய வேண்டியிருந்தது. பாவம், அதுவும் தன்னாலானதைச் செய்தது.

5

மிஷின் வந்து தண்டவாளம் பூட்டி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. வியாழக்கிழமை அறுப்பது என்று நாள் குறித்தார்கள். மணிமேகலை போனில், "வியாழக்கெழம காலையில பஸ் ஏறுறாராம். சட்டையக்கூட அயர்ன் பண்ணக் கொடுத்திருக்காரு" என்று சொன்னார். பொற்கொடி அதை எனக்கு மூன்று முறை சொன்னாள்.

புதன்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நான் மில்லுக்குப் போனபோது மரத்தைத் தண்டவாளத்துக்கு நடுவே கிடத்தியிருந்தார்கள். பிராங்க்ளின் தலைப்பகுதியை மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தான். அது மரத்தின் உச்சியில் உரசாமல் வந்தது. கொஞ்சம் இறக்கினான். இன்னும் கொஞ்சம். ஓர் இடத்தில் இரண்டு பக்கத்துக் கம்பமும் மரத்தின் இடுப்பில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டன.

டேப்பை எடுத்து வெட்டு முகத்தின் குறுக்கே வைத்தான். ஐந்தடி ஒன்பது அங்குலம். மிஷின் ஐந்தடி.

"டேப்பு தப்பா இருக்கும்" என்றான். வேறு டேப் கொண்டுவந்தான். அதுவும் அதையே சொன்னது.

ஒரு குறிப்பு: எங்கள் பக்கம் மரம் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் மரத்தின் அகலத்தைப் பார்க்க மாட்டார்கள். சுற்றளவைத்தான் பார்ப்பார்கள். அதுதான் லப்பு. லப்பை நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் கன அடி. பட்டை, வளைவு, வீணாகிற ஓரம் எல்லாம் போக, உள்ளே தேறக்கூடிய சதுரக் கட்டைக்கான கணக்கு அது. மரம் வாங்க அது சரி. அதையே அகலம் என்று எடுத்துக்கொண்டு மிஷின் வாங்கக் கூடாது. வேறு எந்தத் தொழிலில் இருப்பவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். மரத்தோடு இருபது வருஷம் பழகியிருந்தால்தான் இப்படித் தவற முடியும்.

6

'அப்போது யாரும் கவனிக்கவில்லை' என்று மூன்றாம் பகுதியில் எழுதினேன் அல்லவா? அது பொய். பொற்கொடி கவனித்தாள். அவள் கணக்கில் பட்டம் வாங்கியவள்.

"வட்டத்துக்கு மூணாலதானே வகுக்கணும்? ஆறடி வருமே" என்று அன்றே கேட்டாள்.

"அது ஸ்கூல் கணக்கு. இது மரக்கணக்கு" என்றான் பிராங்க்ளின்.

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கண்ணே."

எனக்கும் அவள் சொன்னதுதான் சரி என்று பட்டது. என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். படுத்துக் கிடந்த மரம் என்னைவிட ஓர் அங்குலம் உயரமாக இருந்தது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டுதான் அது நாலரை அடி என்று நம்பினேன். இல்லை, நம்பவில்லை. மூன்று நாளாக மிஷின் விவரம் படித்துச் சலித்துப்போயிருந்தேன். மெயிலைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. "தொழில்ல இருக்கிறவனுக்குத் தெரியாததாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் புதன்கிழமை பொற்கொடி எங்கள் இருவரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. மரத்தின் பட்டையைக் கையால் தடவிக்கொண்டு, "அப்பாவ வர வேணாம்னு சொல்லிரவாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் திட்டாமல் விட்டதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

"வேணாம். வரட்டும்" என்றான் பிராங்க்ளின். "வேணாம்னா இன்னும் பதினோரு வருஷம் ஆயிரும்."

7

வியாழக்கிழமை நான் பள்ளிக்கு லீவு போட்டிருந்தேன். பதினொன்றரை மணி பஸ்ஸில் ஆத்மநாதன் வந்து இறங்கினார். மில்லுக்குப் பின்னாலேயே வீடு. வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராக மரத்திடம் போனார். பொற்கொடி, "வாங்கப்பா" என்றாள். மரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கதானே கையெழுத்துப் போட்டவரு?"

"ஆமாங்க."

"ம்."

அதற்கப்புறம் என்ன பேசினாலும் என்னைப் பார்த்தே பேசினார். பிராங்க்ளினும் அவருக்கான பதிலை என்னிடமே சொன்னான். இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, நடுவில் நான்.

"அறுக்கலையான்னு கேளுங்க சார்."

"மரம் மிஷினுக்குள்ள போகலைன்னு சொல்லுடா."

"மிஷின் எத்தனையடியாம்?"

"அஞ்சடி."

"லப்பு என்னவாம்?"

"பதினெட்டு."

ஆத்மநாதன் வானத்தைப் பார்த்து உதட்டை அசைத்தார். "பதினெட்டுன்னா நாலரை. அஞ்சடியில போகணுமே. ஏன் போகல?"

பிராங்க்ளின் என்னை மறந்துவிட்டு அவர் பக்கம் திரும்பினான். "அதாங்க மாமா எனக்கும் புரியல! நாலரைதானே வரணும்?"

"நாலரைதான். அதுல என்ன சந்தேகம்?"

பொற்கொடியால் பொறுக்க முடியவில்லை. டேப்பை மரத்தின் வெட்டு முகத்தில் குறுக்கே வைத்துப் பிடித்தாள். "இங்க பாருங்கப்பா. அஞ்சு ஒம்போது. வட்டத்த நாலால வகுக்கக் கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேன். ரெண்டு பேரும் கேக்கல." இரண்டு பேர் என்று அவள் சொன்னது பிராங்க்ளினையும் என்னையும். ஆத்மநாதன் தன்னையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

"அது பட்டையோட சேத்து வக்கிற அளவு, ஆத்தா" என்றார்.

"பட்டைய கழிக்கணும்ல?" என்றான் பிராங்க்ளின்.

"மாப்ள சொல்றதுதான் சரி. பட்டைய கழிச்சுப் பாரு."

பட்டை ஒரு அங்குலம்கூட இல்லை. அவள் அதையும் அளந்து காட்டினாள். இரண்டு ஆண்களும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் முப்பது வருஷத்தில் விற்ற மரங்களின் லப்பையெல்லாம் சொன்னார். இவன் வாங்கியவற்றைச் சொன்னான். அவர் விற்ற ஒரு வேப்ப மரத்தை யாரோ ஒருவரிடமிருந்து இவன் வாங்கியிருந்தது தெரியவந்து, அதைப் பற்றிக் கால் மணி நேரம் போயிற்று. தான் என்ன முறை சொல்லிக் கூப்பிட்டோம் என்பதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. பொற்கொடி கவனித்தாள். டேப்பை மடக்காமல் பிடித்தபடி நின்றாள்.

கடைசியில் பிராங்க்ளின் கேட்டான்: "ரெண்டு பக்கமும் நாலரை நாலரை இஞ்ச் சீவிட்டா உள்ள போயிரும் மாமா. சீவவா?"

"சீவாதீங்க. வேற மிஷின் பாருங்க." சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அடுத்த வியாழக்கெழம வாரேன்."

8

இங்கே முடித்திருக்கலாம். நல்ல இடம். பத்திரிகையில் வேலை பார்க்கும் ஒரு நண்பரும் அதைத்தான் சொன்னார். ஆனால் மரம் அறுபடவில்லையே. மிஷின் தேர்ந்தெடுப்பதைப் பற்றிய கதையில் மிஷின் எதையும் அறுக்காமல் முடிவது சரியா? இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: ஏழடி மிஷின் வருகிறது. பலகை பலகையாக மரம் பிரிகிறது. தூங்குமூஞ்சியின் வைரம் கருஞ்சிவப்பாக—

முடிவு இரண்டு: செயின் சாவை ஒரு முனையில் மாமனாரும் மறுமுனையில் மருமகனும் பிடித்துக்கொண்டு— (அவருக்கு வயது அறுபத்தெட்டு. தோள் வலி. வேண்டாம்.)

நடந்தது என்னவென்றால், அவர் அடுத்த வியாழக்கிழமை வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். நாலாவது வாரம் வீட்டுக்குள் வந்து சாப்பிட்டார். ஆறாவது வாரம் மணிமேகலையையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வாரமும் நான் ஒரு மிஷின் விவரத்தைப் படித்துச் சொல்வேன். அவரும் பிராங்க்ளினும் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு அதில் ஒரு குறை கண்டுபிடிப்பார்கள். பிளேடு மெல்லிசு. மோட்டார் சிறுசு. கறம்பக்குடியில் ஒரு மில்லில் ஏழடி மிஷின் இருக்கிறது, கொண்டுபோனால் அறுத்துத் தருகிறோம் என்றார்கள். "அம்புட்டுத் தூரம் எதுக்கு?" என்றார் ஆத்மநாதன். பொன்னமராவதியிலிருந்து வாராவாரம் இரண்டு பஸ் மாறி வருகிறவர்.

9

இனி எழுதப்போகிற இரண்டு விஷயங்களையும் எழுத வேண்டாம் என்று இரண்டு பேர் என்னிடம் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் பொற்கொடி. கதை எழுதுகிறேன் என்றதும், "மரத்த அறுத்துராதீங்கண்ணே" என்றாள்.

"கதையிலதானேம்மா."

"அப்பா படிப்பாரு. கதையிலயே அறுத்தாச்சு, நம்மளும் அறுத்துருவோம்னு சொல்லுவாரு. அறுத்துட்டா அப்பறம் எதுக்கு வருவாரு?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் வேணும்னேதான் ஆறடி மிஷின்ல இந்த மரம் போகுமான்னு இவுக கணக்குக் கேட்டப்ப தெரியாதுன்னுட்டேன். இத எழுதிராதீங்க."

ஆனால் மரம் எத்தனை நாள் தாங்கும்? வெட்டு முகத்தில் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். அப்படியும் வெடிப்பு ஓட ஆரம்பித்துவிட்டது. நடுவிலிருந்து ஓரம் வரை ஓடிவிட்டால் முழு அகலப் பலகை என்ற பேச்சுக்கே இடமில்லை.

போன வியாழக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. நான் கொஞ்சம் சீக்கிரமே மில்லுக்குப் போய்விட்டேன். ஆத்மநாதனும் முந்தின பஸ்ஸில் வந்திருந்தார். பிராங்க்ளின் உள்ளே மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தான், பொற்கொடி சமையலில் இருந்தாள். அவர் மரத்தின் அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மெழுகையும் மரத்தூளையும் குழைத்து, வெடிப்புக்குள் விரலால் அடைத்துக்கொண்டிருந்தார். அடைத்த இடத்தின்மேல் பெயின்ட்டைத் தொட்டுத் தொட்டு மறைத்தார். என்னைப் பார்த்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இங்கிட்டு வெடிப்பு தெரிஞ்சா, சட்டுப்புட்டுன்னு அறுத்துருவோம்னு மாப்ள சொல்லிருவாரு" என்றார். "அறுத்துட்டா நான் எதச் சொல்லிக்கிட்டு வாரது சார்?"

பெயின்ட் டப்பாவை மூடி மரத்தடியில் தள்ளி வைத்தார்.

"நீங்க எழுதுறவரு. இத எழுதிராதீங்க."

எழுதிவிட்டேன். அழிக்க இன்னும் நேரமிருக்கிறது. ஒன்பதாம் பகுதியை எடுத்துவிட்டால் கதை எட்டோடு முடியும், யாருக்கும் ஒன்றும் தெரியாது, வியாழக்கிழமைகள் நடந்துகொண்டிருக்கும், மரம் உள்ளுக்குள் வெடித்துக்கொண்டிருக்கும். எடுக்காமல் விட்டால் மகள் எழுதாதே என்றதை அப்பா படிப்பார், அப்பா எழுதாதே என்றதை மகள் படிப்பாள். ஏற்கெனவே ஒருமுறை, சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் நான். இந்தத் தடவை என்னை நம்பி முடிவெடுக்க எனக்கே தைரியம் இல்லை.

நீங்கள் சொல்லுங்கள். இன்றைக்குப் புதன்கிழமை.